முழு நிமிடம்

கல்யாணமான மறுநாள் காலை என் கணவர் படுத்தபடியே கையை நீட்டி, நாடியைப் பிடித்து எண்ணச் சொன்னார். புதுப் பெண்டாட்டியிடம் முதல் காலையில் கேட்கிற காரியமா இது என்று எனக்கு எரிச்சல். தானே எண்ணினால் கவனம் அங்கே போய்த் துடிப்பு கூடிவிடுமாம், எழுந்து உட்கார்ந்தாலும் கூடிவிடுமாம். அதுவரை மாமியார் செய்துவந்த வேலை என் தலையில் விழுந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணி, இரண்டால் பெருக்கிச் சொன்னேன். அவர் கையை எடுக்கவில்லை.

"பாதி எண்ணிட்டு பெருக்கறதுலாம் வாணாம். முழுசா ஒரு நிமிஷம் எண்ணு."

எண்ணினேன். ஐம்பத்திரண்டு வந்தது.

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஷிப்ட் வேலை. ஆனால் யார் கேட்டாலும் தன்னை ஓட்டக்காரன் என்றுதான் சொல்லுவார். மாவட்டப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் டிவிக்கு மேலே நிற்க இடமில்லாமல் நிற்கும். ஓடி ஓடிப் பலப்பட்ட இதயம் ஓய்வில் மெதுவாகத் துடித்தாலே போதும் என்று எனக்கு விளக்கினார். ஒருநாள் துடிப்பு ஐந்தாறு கூடினால் உடம்பு களைத்திருக்கிறது என்று அர்த்தம், அன்று ஓட்டம் கிடையாது. கூடினால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும். ரொம்பக் குறைந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குறைந்தால் பெருமை, அவ்வளவுதான்.

தினமும் காலண்டர் தாளின் மூலையில் எழுதிவைப்பேன். மூன்று வருடத்தில் நாற்பத்தாறுக்கு வந்தது. என்னுடையது எண்பத்துநான்கு. "இன்னா இது, கழனி மோட்டாரு மாரி ஓடுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். தெருவில் மற்ற பெண்கள் நகையைப் பற்றிப் பேசினால், நான் நாற்பத்தாறைப் பற்றிப் பேசுவேன். எனக்கு அப்படி ஒரு கர்வம்.

போன மழைக்காலம் முடிந்ததும் எண் நாற்பத்திரண்டானது, பிறகு நாற்பது. அந்த நாட்களில்தான் அவர் மாடிப்படி ஏறுகையில் கைப்பிடியைத் தேட ஆரம்பித்தார். நைட் ஷிப்ட், தூக்கம் போதவில்லை என்றார். நாடி நாற்பது என்று கேட்ட மருந்துக்கடைக்காரர் டாக்டரைப் பார்க்கச் சொன்னபோது, ஓடுகிறவர் நாடி அப்படித்தான் இருக்கும், உனக்கென்ன தெரியும் என்று அவரிடம் நான்தான் சண்டைக்குப் போனேன்.

கடைசிக் காலையில் அடுப்பில் பால் இருந்தது. அரை நிமிடம் எண்ணினேன், பத்தொன்பது. நடுவில் ஓரிடத்தில் என் விரலுக்கடியில் ஒன்றுமே வரவில்லை. நான் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். பெருக்கி, முப்பத்தெட்டு என்றேன்.

"முழுசா எண்ணுனியா?"

"எண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு. ஆனால் ஷூ கயிறு கட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"குனிஞ்சா தல சுத்துது. நீ கட்டி வுடு."

கட்டிவிட்டேன். அவிழாமல் இருக்க இரட்டை முடிச்சாகப் போட்டு ஓட்டத்துக்கு அனுப்பினேன்.

ஏரிக்கரைச் சாலையில் விழுந்துகிடந்தவரைக் கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எத்தனை நாளாக நாடி இப்படி என்று டாக்டர் கேட்டார். மாத எண்களையெல்லாம் ஒப்பித்தேன். பயிற்சியால் குறைவது வேறு, இது இதயத்துக்குள் மின்சாரம் போகும் வழி அடைபட்டுக் குறைந்ததாகத்தான் இருக்கும் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் ஒரு சின்னக் கருவி வைத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கலாமாம். நான் எண்ணாமல் விட்ட அந்த அரை நிமிடத்தில் என்ன இருந்ததோ.

அவரைக் கிடத்தியிருந்த அறையிலும் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அவர் மணிக்கட்டில் விரலை வைத்தேன். விடும்மா என்று நர்ஸ் என் தோளைத் தொட்டார்.

"ஒரு நிமிஷம் ஆவட்டும்" என்றேன்.

வினாடி முள் ஒரு முழுச் சுற்று சுற்றி முடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.