மணமகளுக்கு நகல், மணமகனுக்கு முகவரி

1. ஒரு ரமேஷ், இரண்டு மணப்பெண்கள்

"ஒரே ஆளுக்கு ரெண்டு பொண்ணா? இன்னாங்க நடக்குது இங்க?"

திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், நான் எழுதிய நிரலுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் இது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். அந்த மண்டபத்தில் கீழே ஒரு ஹால், மேலே ஒரு ஹால். முகூர்த்த நாளென்றால் இரண்டிலும் கல்யாணம். மேலே போகவேண்டியவர்கள் கீழே பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வந்த பிறகுதான் மணமக்களின் முகத்தையே நிமிர்ந்து பார்ப்பார்கள். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் வாசலில் பெயர் ஓடும் மின்பலகை வைத்துக் கொடுத்தோம்.

பெயரை டைப் செய்யும் திரை பைத்தானில் நான் எழுதியது. பலகையின் விளக்குகளை எரியவைக்கும் பகுதி, கூட வேலை செய்த முரளி சி மொழியில் எழுதியது. நான் அனுப்பும் பெயரை, எங்கள் பாஷையில் ஸ்ட்ரிங்கை, வாங்கி உள்ளே அனுப்பும் வாசலும் அவனுடையதுதான். பைத்தானை அவன் குழந்தைகள் மொழி என்பான். அவன் நிரலை நான் எட்டிப் பார்த்தால் முறைப்பான்.

வரவேற்பன்று மாலை, வாசலை ஒட்டிய ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் கீழ் ஹாலுக்குக் கலைவாணி, சுரேஷ் என்று டைப் செய்தேன். அழகாக ஓடியது. அடுத்து மேல் ஹாலுக்குத் தேன்மொழி, ரமேஷ். உடனே கலைவாணிக்கும் மாப்பிள்ளை ரமேஷ் ஆகிவிட்டார்.

சுரேஷின் பெரியப்பா ஏழுமலை அப்போதுதான் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் நிறைய உறவுக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். பலகையைப் பார்த்தார். இறங்கியவர்களை மறுபடி வேனில் ஏற்றினார்.

"சகுனமே சரியில்ல. போர்டுலயே மாப்ளைய மாத்திட்டாங்க, மணவறையில மாத்த எம்மாம் நேரம் ஆவும்? சுரேஷயும் கூப்புடு, போலாம்!"

கலைவாணியின் அப்பா வேனுக்கு முன்னால் நின்று கும்பிட்டார். "அண்ணே, மெஷின் பண்ண தப்புண்ணே. எம் பொண்ணு இன்னாண்ணே பண்ணுச்சு?" என்றபோது அவர் குரல் உடைந்தது.

எங்கள் முதலாளி சேகர் சாரிடம், "போர்டை ஆஃப் பண்ணிடட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"ஆஃப் பண்ணா மறைச்சுட்டாங்கன்னு ஜாஸ்தியா கத்துவாரு. சரி பண்ணிக் காட்டுங்க."

கீழ் ஹாலுக்கு மறுபடி சுரேஷ் என்று போட்டேன். இப்போது தேன்மொழிக்கும் மாப்பிள்ளை சுரேஷ். மாடியிலிருந்து ஒரு கூட்டம் தடதடவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டது.

2. முரளியின் கோட்டைக்குள்

முரளி, "உன் பைத்தான்தான் ஒளறுது" என்றான். இந்த முறை அவன் முறைப்பைப் பொருட்படுத்தாமல் அவன் நிரலைத் திறந்தேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பைத்தான் ஒரு ஸ்ட்ரிங்கை சி பக்கம் தரும்போது எழுத்துக்களைத் தூக்கிக் கையில் கொடுப்பதில்லை. அவை நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்ற முகவரியைத்தான் தருகிறது. நம்மூர் லாட்ஜில் அறை எண் சொல்வது மாதிரி. அந்த ஆள் காலி செய்துவிட்டுப் போனால் அதே அறைக்கு வேறு ஆள் வருவார். பெயர் பிறகும் வேண்டுமென்றால், ஆள் இருக்கும்போதே நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முரளி மணமகள் பெயரை ஒழுங்காக நகல் எடுத்திருந்தான். மணமகனுக்கு வெறும் முகவரியோடு நின்றுவிட்டான். பைத்தான் சுரேஷைக் காலி செய்த இடத்திலேயே ரமேஷைக் குடிவைத்திருந்தது. இரண்டும் ஒரே நீளப் பெயர்கள், அதே இடம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

"பொண்ணுக்கு மட்டும் காப்பி எடுத்திருக்க. மாப்ளைக்கு ஏன் எடுக்கல?"

"பொண்ணு பேரு டெஸ்டிங்ல ரெண்டு வாட்டி கிராஷ் ஆச்சு, அதான் எடுத்தேன். மாப்ள பேரு ஒழுங்கா ஓடுச்சு. ஓடறத எதுக்கு நோண்டணும்னு உட்டுட்டேன்."

நல்லவேளை, திருத்திய சி நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. மணமகனுக்கும் நகல் எடுக்க ஒரு வரி சேர்த்தோம். சுரேஷ், ரமேஷ் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். அவரவர் பெண்ணோடு அவரவர் நின்றார்கள். மாடிக் கூட்டம் சமாதானமாகி மேலே ஏறியது.

3. பெரியப்பா கேட்ட சோதனை

ஏழுமலை மட்டும் மசியவில்லை. நேராக ஆபீஸ் அறைக்குள் வந்தார்.

"மறுபடி மாறாதுன்னு எப்டிம்மா நம்பறது? மேல் ஹாலுக்கு வேற பேரு போடு. எங்க பையன் பேரு அசையுதான்னு பாக்கறேன்."

"எந்தப் பேருங்க போடட்டும்?"

"எதுனா போடும்மா!"

எதுனா என்றாரே. ஏழுமலை என்று போட்டேன்.

சுரேஷ் அசையவில்லை. தேன்மொழிக்குப் பக்கத்தில் ஏழுமலை பளிச்சென்று ஓடினார். வேன் ஜன்னலிலிருந்து அவர் மனைவியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"யோவ், வெளிய வந்து பாருய்யா! மேல் ஹால்ல உனக்குப் பொண்ணு பாத்து வச்சுட்டுத்தான் எங்கள வேன்ல ஏத்துனியா?"

வேனே குலுங்கிச் சிரித்தது. முதலில் அந்த அம்மாதான் இறங்கினார். "நான் சுரேஷ் கல்யாணத்துக்குப் போறேன். நீ மாடிக்குப் போ" என்று சொல்லிவிட்டுக் கலைவாணியின் அப்பாவைக் கடந்து உள்ளே நடந்தார். அவர் பின்னாலேயே மொத்த வேனும் இறங்கியது. ஏழுமலை என்னைப் பார்த்தார். "சீக்கிரம் எடும்மா" என்றார், தணிந்த குரலில். எடுத்தேன்.

கலைவாணியின் அப்பா எங்கள் அறைக்கே இலை போட்டுச் சாப்பாடு அனுப்பினார். அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடு வேறில்லை.

நான் கற்றது இதுதான்: அடுத்தவர் கொடுக்கும் ஸ்ட்ரிங் உங்களுடையது இல்லை, வேண்டுமென்றால் நகல் எடுங்கள். இத்தனை நாள் ஒழுங்காக ஓடியது என்பது அது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

முரளி இந்தப் பாடத்தை என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டான். சில வருஷம் கழித்து அவன் கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. கீழ் ஹாலே பாதி காலியாகக் கிடந்தது. ஆனாலும் மேல் ஹாலையும் சேர்த்து அவனே எடுத்திருந்தான். வாசல் பலகையில் அன்று ஒரே ஒரு மாப்பிள்ளைதான்.