அன்ரனின் வலது கால்

போன பெரிய வியாழன் பூசையில் எனக்குப் பொறாமை வந்தது. புதிய பொறாமை இல்லை, பழையதுதான் — வருசம் தவறாமல் அதே பூசையில், அதே நேரத்தில் வரும்.

பெரிய வியாழன் தெரியுந்தானே? ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய நாள். அதை நினைத்து, ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ப் பூசையிலும் பன்னிரண்டு பேரை முன்னால் கதிரை போட்டு இருத்துவார்கள். ஃபாதர் முழங்காலில் நின்று ஒவ்வொருவரின் வலது காலையும் கழுவித் துடைப்பார். முதற் கதிரை எப்போதும் அன்ரனுக்குத்தான்.

அன்ரனும் நானும் ஒன்றாக நோர்வேக்கு வந்தவர்கள். முதலில் வடக்கே ஹம்மர்பெஸ்டில் ஒரே மீன் பக்டரியில் வேலைக்கு நின்றோம். பிறகு ஒஸ்லோ. அவனுக்கு லோறென்ஸ்கூக்கில் வீடு, தோட்டம், ஆப்பிள் மரம். எனக்கு ஹொல்ம்லியாவில் மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாற். அதில் எனக்குப் பொறாமை இல்லை... சரி, ஆப்பிள் மரத்தில் கொஞ்சம் உண்டு.

என் பொறாமை அவன் காலில்.

அன்ரனின் கால் ஒரே கறுப்பு. எண்ணெய் பூசின மாதிரி மினுங்கும். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், செருப்போடு வெளிக்கிட்டுவிடுவான். என் கால்? கணுக்காலுக்குக் கீழே முழுக்க வெண்படை. விரல் நுனியில் ஒரு பொட்டாகத் தொடங்கியது, வருசக்கணக்கில் ஊர்ந்து ஊர்ந்து பாதம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. “நோகாது, தொற்றாது, கவலைப்படாதே” என்றார் டொக்டர். அவருக்கென்ன? அவருக்கு உடம்பு முழுக்க வெள்ளை. எங்கள் சனத்துக்கு நடுவில் இந்தக் காலோடு இருந்து பார்த்தால் தெரியும்!

“பெட்டையள் ரெண்டும் கலியாணம் முடிக்குமட்டும் ஒருத்தருக்கும் காட்டிப்போடாதேங்கோ” என்றாள் என் மனுசி மேரி. மாப்பிள்ளை வீட்டார் பரம்பரை வருத்தம் என்று சொல்லிவிடுவார்களாம். அன்றைக்குப் போட்ட சொக்ஸ். பெட்டைகள் முடித்து, பேரப்பிள்ளைகளும் வந்தாயிற்று. சொக்ஸ் மட்டும் கழலவில்லை.

பக்டரிக் காலந்தான் எனக்கு நிம்மதி. எல்லோருக்கும் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. உள்ளே கறுப்போ வெள்ளையோ, யார் கண்டது? சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டுவார்கள். நான் போட்டபடியே சாப்பிடுவேன். அங்கே ஒரு ஃபோர்மன் இருந்தான்... அந்தக் கதை வேண்டாம். கதை சொல்லத் தொடங்கினால் நான் நேர் ரோட்டில் போகிற ஆளில்லை.

ஃபாதர் வருசா வருசம் என்னையும் கேட்பார். “அண்ணை, இந்த முறையாவது இருங்கோவன்.” ஒருமுறை தடிமன், மூக்கு ஒழுகுது என்பேன், ஒருமுறை முழங்கால் நோ என்பேன். பிறகு பின்வரிசை வாங்கில் இருந்துகொண்டு அன்ரனின் காலில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து வயிறெரிவேன். கோயிலுக்குள் இருந்துகொண்டு!

இந்த முறை அன்ரன் சொக்ஸைக் கழற்றினான். கோயில் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது.

பெருவிரல் இல்லை.

பனிக்காலம் முழுக்க அவன் பூசைக்கு வரவில்லை. ஃபோனில் கேட்டபோது “குளிரடாப்பா” என்றான், நானும் நம்பினேன். நீரிழிவு, புண், வெட்டியிருக்கிறார்கள். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

ஃபாதர் தண்ணீர்க் குவளையோடு குனிந்தார். அன்ரனுக்குக் காது மந்தம். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கோயிலுக்கே கேட்கச் சொன்னான்:

“சீனி ஒண்டைக் கொண்டு போட்டுது, ஃபாதர். மிச்சத்தைக் கழுவுங்கோ.”

ஃபாதர் அந்தத் தழும்பைக் கையால் தடவிக் கழுவி, துவாயால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார்.

பாவம் என்று நினைத்திருக்க வேண்டும் நான். நினைத்தேனா? வயிறு முன்னையைவிட எரிந்தது. இனி அந்தக் காலில் பொறாமைப்பட என்ன இருக்கிறது? ஆனால் அப்படியொரு காலை இத்தனை சனத்துக்கு முன்னால் நீட்ட இவனுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது — எனக்கு ஏன் வரவில்லை?

சீடர்களில் மீன் பிடிக்கிற பேதுரு முதலில் காலைக் கொடுக்க மறுத்தார் அல்லவா? மரியாதைக்கு என்பார்கள். நான் பள்ளிக்கூடம் கனக்கப் போகாதவன். ஆனால் கடலில் நிற்கிறவனின் கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெடிப்பும் சேறும் மீன் நாற்றமும். அந்த மனிதருக்கும் வெட்கமாக இருந்திருக்கும். ஆண்டவர் முகம் சுளித்தாரா? விடவில்லை, கழுவித்தான் விட்டார்.

கடைசிக் கதிரை வெறுமையாக இருந்தது. வரவேண்டியவருக்குக் காய்ச்சலாம். ஃபாதர் வரிசையில் பாதி தாண்டிவிட்டார். அன்ரன் திரும்பி என்னைத் தேடிப் பிடித்துக் கையைக் காட்டினான்.

“டேய், வாவன்ரா! உனக்கு எல்லா விரலும் கிடக்குத்தானே?”

சனம் சிரித்தது. எழும்பிவிட்டேன். மேரி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

“இஞ்சருங்கோ, எங்கை போறியள்?”

“கால் கழுவ.”

கதிரையில் இருந்து சொக்ஸைக் கழற்றினேன். ‘ஆண்டவரே, இதுதான் என் கால்.’ அதற்குமேல் செபம் வரவில்லை. ஃபாதர் குதிக்காலைத் தன் உள்ளங்கையில் ஏந்தினார். எத்தனை வருசத்துக்குப் பிறகு இன்னொரு மனிதரின் கை அந்தத் தோலில் பட்டது! தண்ணீர் விழுந்தது. எனக்குக் கண்ணாலும் விழுந்தது.

பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது மேரி பாய்ந்து வந்தாள். பயந்துபோனேன்.

“ஓட்டைச் சொக்ஸோடையோ கோயிலுக்கு வந்தனீங்கள்? என்ரை மானம் போச்சு!”

அன்ரன் குனிந்து, சொக்ஸ் போடாத என் காலை ஆற அமரப் பார்த்தான். “உன்ரை கால் உனக்கு முதலே நோர்வேக்காரனாயிட்டுதேடா!” நான் சிரித்த சிரிப்பில் கோப்பி சிந்தியது.

“தண்ணி நல்ல இளஞ்சூடாய் இருந்ததென்ன, மச்சான்?” என்றான்.

இளஞ்சூடா? கடைசிக் கதிரைக்கு வரும்போது அது ஐஸ்!

வெட்கம் போய்விட்டது, ஆண்டவருக்கு நன்றி. ஆனால் அடுத்த வருசம் அந்த முதற் கதிரை எனக்கு.