அட்டைக்கு வேண்டியது

எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் எட்டுப் பேர் இரண்டு படையாகப் பிரிந்து, பொம்மைத் துப்பாக்கிகளோடு போனக்காட்டு மலைக்காட்டில் போர் விளையாடப் போனோம். உடைக்கு நான் பொறுப்பு. எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆரியசாலைக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி, ஒரு படைக்குக் காக்கியும் மறுபடைக்குக் கரும்பச்சையும் பித்தளைக் கொக்கி பெல்ட்டுகளும் வாங்கிவிட்டேன். தோள் சின்னம்தான் பாக்கி. அதைக் காகித அட்டையில் வெட்டிக்கொள்ளலாம் என்று, எதிர்ப்படைத் தலைவனான மலையாளி நண்பனுக்குப் போன் செய்தேன்.

"அட்டைக்கு வேண்டியதை நீ கொண்டு வா."

நான் நினைத்தது கத்தரியும் பசையும். அவன் கொண்டுவந்தது ஒரு பை உப்பு.

"எடா, நான் சொன்னது சின்னம் வெட்டுற அட்டைடா!" என்று கத்தினேன்.

"எங்களுக்கு அட்டைன்னா ரத்தம் குடிக்கிறது மட்டும்தான், கேட்டோ," என்றான்.

மழை தூறியதும் அவனுடைய அட்டை வந்தது. என் அசல் பூட்ஸுக்குள்ளேயே வந்தது. சண்டையை நிறுத்திவிட்டு, இரு படையும் ஒரே பாறையில் உட்கார்ந்து, உப்பைத் துணியில் முடிந்து காலில் கிழியாகக் கட்டிக்கொண்டோம். பிறகு சாயங்காலம்வரை ஆட்டம். சேற்றில் காக்கி எது, பச்சை எது என்று தெரியவில்லை. எட்டுப் பேர் காலிலும் ஒரே கிழி.

அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் முதல் வரியாக உப்பு என்று எழுதினேன், இரண்டு படைக்கும் சேர்த்து.