நத்தார் மேசையில் ஆளில்லாத் தட்டு

விடுதி நடத்துகிறவனுக்குச் சொந்தமாகப் பண்டிகை கிடையாது; அறையில் தங்கியிருப்பவரின் பண்டிகைதான் அவனுக்கு வாய்க்கும். வாவிக்கரையில் நாலைந்து அறை கட்டிவிட்டு முழிக்கும் என் போன்ற பாவப்பட்டவர்களுக்கு இது புதுச் செய்தியல்ல.

பன்னிரண்டு வகை

அன்னா போலந்துக்காரர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்க வந்து, பத்து மாதமாக என் மூன்றாம் அறையில் இருக்கிறார். தமிழை நோயாளிகளிடமே படித்ததால் பேச்சோடு கொஞ்சம் முனகலும் வரும். நத்தாருக்கு வீடு போகாதது இதுதான் முதல் தடவை. நத்தாருக்கு முதல்நாள் இரவு விருந்துக்கு அவர்கள் முறைப்படி பன்னிரண்டு வகை வேண்டும், இறைச்சி ஆகாது, மீன் ஆகும், முதல் நட்சத்திரம் தெரியும்வரை பட்டினி என்றார். ஒன்று பிழைத்தாலும் தனக்கு இந்த வருஷம் நத்தாரே இல்லை என்று கண் கலங்கினார்.

பீட்ரூட் சூப், காளான், பொரித்த கொடுவா மீன் என்று ஒன்பது வரை அவரே சொன்னார். மிச்சத்தைப் பருப்பு, பொன்னாங்காணிக் கீரைச் சுண்டல், எருமைத் தயிர் என்று நான் நிரப்பினேன். ஐரோப்பியச் சமையலில் என் புலமை அவ்வளவுதான். சமையல்காரி பரமேசக்கா அன்னாவிடம் கேட்டார்: "யேசு பிறந்த நாளுக்கு ஏன் கா இறைச்சி இல்லாமச் செத்தவீட்டுச் சாப்பாடு?"

கூடுதல் தட்டு

அழையாமல் வருகிறவருக்காக மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பது அவர்கள் வழக்கமாம். தட்டை வைக்கும்படி பரமேசக்காவிடம் சொன்னேன். காரணம் சொல்ல மறந்தேன். ஆளில்லாமல் சாப்பாடு வைத்தால் எங்கள் பக்கத்தில் அது செத்தவருக்கான படையல். அன்னாவின் தகப்பனாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிய பரமேசக்கா, அவருக்கு என்னென்ன பிடிக்கும் என்று மகளிடமே நைசாக விசாரித்தும்விட்டார்.

மாலையில் அன்னா வீட்டாரோடு வீடியோவில் பேசி மேசையைக் காட்டினார். தட்டுக்குப் பக்கத்தில் வெற்றிலை, சுருட்டு, கால் போத்தல் சாராயம், எரிகிற விளக்கு. திரையில் தகப்பன் நல்ல ஆரோக்கியமாக இருந்தார். நான் அசடு வழிய விளக்கினேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கியதும் அன்னா மொழிபெயர்த்தார்: "அப்பாவுக்கு, தான் செத்தது பரவாயில்லையாம். சாராயம் மட்டும் வீணாப் போகக் கூடாதாம்."

நட்சத்திரம்

படைத்ததை எடுக்கப் பரமேசக்கா விடவில்லை. அதை அப்படியே விட்டு நட்சத்திரத்துக்குக் காத்திருந்தோம். மார்கழியில், மட்டக்களப்பில், அடைமழையில். கரண்டும் போனது. காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்த அன்னா, நத்தார் போய்விட்டது என்று சொல்லிப் படுக்க எழுந்தார்.

அந்த நேரம் வாவிக்குள் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. தலையில் டோர்ச் கட்டிய மீன்காரர் மயில்வாகனம், மழைக்கு ஒதுங்கத் தோணியை எங்கள் கரைக்கு விட்டிருந்தார். நட்சத்திரத்துக்கு இந்த வெளிச்சமே காணும், இது போதும் என்றார் அன்னா. நனைந்த மனிதரை இழுத்து வந்து கூடுதல் தட்டின் முன்னால் இருத்தினார். வேண்டாம் வேண்டாம் என்று நெளிந்தவர், குனிந்து பார்த்ததும் அடங்கிப்போனார். சுருட்டை, போத்தலை, அன்னாவை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் வாறது உங்களுக்கு எப்பிடிப் புள்ள தெரியும்?"

பதினைந்து வருஷம் விடுதி நடத்திக் கண்டது இதுதான்: விருந்தினரின் பண்டிகையைக் கெடுக்க நாங்கள் எவ்வளவு பாடுபட்டாலும் சிலவேளை அது நன்றாக நடந்துவிடுகிறது.