அம்பிகா டிரேடர்ஸின் முதலாளி

வடோதராவில் கீர்த்தி சேட்டின் மருந்துக் கம்பெனியில் தன்சுக் பர்மார் இருபத்திரண்டு வருடமாகக் கோடவுன் குமாஸ்தா. அந்தக் கம்பெனியின் மிகப் பெரிய வாடிக்கையாளரும் அவர்தான். சேட் நீட்டிய காகிதத்தில் ஒருநாள் கையெழுத்துப் போட்டார். அம்பிகா டிரேடர்ஸுக்கு முதலாளி ஆகிவிட்டார். கடை மட்டும் கிடையாது.

வருடக் கணக்கை முடிக்கும் ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் எட்டு லாரி நிறைய இருமல் மருந்து அம்பிகாவுக்குப் புறப்படும். நெடுஞ்சாலை தாபாவில் மூன்று நாள் வெயிலில் நிற்கும். ஏப்ரல் பிறந்ததும் அதே கோடவுனுக்குத் திரும்பிவிடும். இதற்குப் பெயர் விற்பனையாம்! பங்கு விலையும் வெட்கமில்லாமல் ஏறும். தட்டிக்கேட்க வேண்டிய இயக்குநர்கள் சேட்டின் மனைவி, மைத்துனர், சம்பந்தி. முந்திரியை மென்றபடி கை தூக்குவார்கள். தணிக்கை செய்தவர் சம்பந்தியின் தம்பி. வேலிக்கு ஓணான் சாட்சி.

முதல் தீபாவளிக்கே தன்சுக்கின் மனைவி ஹன்சா சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் புத்தகம் வாங்கி வந்தாள்.

"கடையே இல்லடி, எதுக்கு இது?"

"பேரு இருக்குல்ல? முதலாளி வீட்டுல கணக்குப் புத்தகத்துக்குப் பூசை போடலேன்னா லட்சுமி கோவிச்சுப்பா."

பூசை போட்ட புத்தகத்தில் பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. 'வந்த பெட்டி இல்லை. விற்ற பெட்டி இல்லை. லாரி எட்டும் தாபாவில் நின்று திரும்பின.' ஆறு வருடம் இப்படியே எழுதினார்.

இந்த வருடம் விஷயம் கசிந்து, பம்பாயிலிருந்து விசாரணை அதிகாரி வந்தாள். அதற்கு முன்பே சேட் தன்சுக்கைத் தனியாக இழுத்துப்போய், "ரெண்டு வருஷம் உள்ளே இருந்துட்டு வா பாய், குடும்பத்த நான் பாத்துக்கறேன்" என்றார். என்ன தாராளம்!

அதிகாரியிடம் சேட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேடம், அம்பிகா முதலாளி இவன்தான். சரக்கை வாங்கி வாங்கித் திருப்பி அனுப்பி எங்களை ஏமாத்திட்டான்."

தன்சுக் மடியிலிருந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டார். சிறைக்குப் போக அவர், மாலை போட்டுக்கொள்ள சேட்டா?

"உங்க கடைக்குக் கணக்கு இருக்கா?" என்றாள் அதிகாரி.

சேட் சிரித்துவிட்டார். "கடையே இல்லாதவனுக்குக் கணக்கு எங்கே மேடம்?"

அதிகாரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தன்சுக் பையிலிருந்து சிவப்புப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் புரட்டப் புரட்ட சேட்டின் முகம் வெளுத்தது.

"மடையா! உன்னை யாருடா உள்ளதை எழுதச் சொன்னது?"

"லட்சுமி முன்னாடி வெச்ச புத்தகம் சேட். நீங்களும்தான் வருஷா வருஷம் கம்பெனி புத்தகத்தை வெச்சீங்க. அதை எடுத்துக் காட்டுங்களேன்."