முதலில் சாப்பிடுபவர்

பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் முழு வான்கோழி ஒன்று பளபளவென்று வாட்டி வைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் பொன்னிறத் தலைமுடிக் குழந்தைகள், பெரியவர்கள் கையில் ஒயின் கோப்பைகள். "டீச்சர், இது என்னா, மயிலா?" என்று முதல் வரிசையிலிருந்து அக்கா கேட்டார். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவரே சொன்னார்: "மயிலா இருந்தா முருகன் சும்மா விட மாட்டாரு லா."

அவர் என்னைவிட மிக மூத்தவர். அவர் என்னை டீச்சர் என்பார். நான் அவரை அக்கா என்பேன். மலேசியாவில், ஈப்போ நகரத்து ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அடிப்படை ஆங்கிலச் சான்றிதழ் இருந்தால் மேற்பார்வையாளர் வேலை அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகவே ஞாயிறு வகுப்புக்கு வந்தார். நான் மற்ற நாட்களில் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். பாடத்தையும் ஒரு கருவியைப் போலப் பிரித்துப் போட்டுத்தான் எனக்குச் சொல்லித்தரத் தெரியும். பண்டிகை உணவுப் பாடத்தையும் கேள்விகளாகப் பிரித்தேன்: என்ன பண்டிகை, யார் சமைப்பார்கள், என்ன சமைப்பார்கள், யாரோடு சாப்பிடுவீர்கள். வாய்மொழித் தேர்வில் வருவதும் இவைதான்.

மற்றவர்கள் முறுக்கு, கேசரி என்று முடித்துக்கொண்டார்கள். அக்கா எழுந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தீபாவளிக்கு முந்தின மாலை. ஆட்டுக்கறி, பொரித்த கருவாடு, ஒரு போத்தல் ஸ்டவுட் என்னும் கறுப்பு பியர், பக்கத்தில் சிகரெட். எல்லாம் இறந்துபோன அப்பாவுக்கு வாழையிலையில் படையல். படைத்ததும் குடும்பமே வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்ளும். அப்பா சாப்பிட்டு முடித்தபின் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள். அதன் பிறகுதான் உயிரோடிருப்பவர்களுக்குச் சாப்பாடு. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அந்த அப்பா. தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் வரிசைவீடுகளான லயம் இடிக்கப்பட்டபின் குடும்பம் ஈப்போ அடுக்குமாடிக்கு வந்துவிட்டது. அப்பாவும் வருகிறார் என்பது அக்காவின் கணக்கு.

ஞாயிறு வகுப்புகளுக்குப் பொறுப்பாளரான அம்மையார் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். செட்டிநாட்டு வழி வணிகக் குடும்பம், ஓய்வுபெற்ற ஆசிரியை. பாடம் முடிந்ததும் எங்கள் இருவரையும் நிறுத்தினார். "தோட்டத்து ஆளுன்னாலே குடின்னு ஊரே பேசுது. அத நாமளே போயி சொல்லணுமா? எண்ணெய்க் குளியல், முறுக்கு, அதிரசம். மனப்பாடம் பண்ணிட்டு வாங்க. இல்லன்னா இந்தத் தடவ பரீட்சைக்கு உங்க பேர அனுப்ப மாட்டேன்."

அந்தப் பேச்சில் அவமானப்பட்ட ஒரு தலைமுறையின் வலி இருந்தது. எனக்கு அது புரியாமலில்லை. ஆனாலும் என் பக்கத்தை வரிசையாகச் சொன்னேன். மனப்பாடம் முதல் கேள்விக்குத் தாங்கும், இரண்டாவதில் உடையும். படையலில் அந்த ஸ்டவுட் குடிப்பதற்கல்ல, நினைப்பதற்கு. வான்கோழிக்குப் பக்கத்தில் ஒயின் இருக்கும் படத்தை நாம்தான் வகுப்பில் விரித்து வைத்திருக்கிறோம். அதைப் பார்த்து யாரும் வெள்ளைக்காரரைக் குடிகாரர் என்று சொல்லவில்லை. என் குரல் உயரவில்லை. கடைசியாக ஒன்று சொன்னேன்: "அவங்க பேரு போகலன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து நானும் வரலீங்கம்மா."

அக்கா குறுக்கே வந்தார். "ஏன் டீச்சர் சண்ட? மேடம், முறுக்கு வைக்கலாம்தான். ஆனா எங்கப்பாவுக்குப் பல்லு கெடயாது லா."

அம்மையாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஃபெயிலானா எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார். அக்காவின் பெயர் தேர்வுக்குப் போயிற்று.

தேர்வு நாளில் பின்னால் உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. அக்கா எதையும் குறைக்கவில்லை. ஸ்டவுட்டைச் சொன்னார், சிகரெட்டையும் சொன்னார். தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டு, "பியர் ஃபார் காட்?" என்றார்.

"நாட் காட், சார். மை ஃபாதர்."

"அவர் சாப்பிட்டு முடித்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். இந்தக் கேள்விக்கு நாங்கள் பயிற்சி செய்திருக்கவில்லை. அக்கா நாற்காலியில் நிமிர்ந்தார். "ஹி இஸ் மை ஃபாதர், சார். ஐ நோ."

தேறினார். இன்று ஹோட்டலில் ஒரு மாடியே அவர் பொறுப்பு. அம்மையார் இன்னும் ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பாடத்துக்கு முன் மது வேண்டாம் என்று எனக்கு நினைவூட்டுகிறார். நான் இன்னும் அதைக் கேட்பதில்லை. என் கேள்விகளில் ஒன்று கூடியிருக்கிறது: உங்கள் வீட்டில் முதலில் சாப்பிடுபவர் யார்?

போன தீபாவளிக்கு முந்தின மாலை அக்கா என்னையும் அழைத்திருந்தார். படைத்து முடித்து, எல்லாரும் அடுக்குமாடி நடைபாதையில் நின்றோம். உள்ளே ஊதுவத்திப் புகை. வெளியே சாத்திய கதவைப் பார்த்தபடி புதுத்துணியில் நாங்கள். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்து, சாவி தொலைந்துவிட்டதா, ஆள் கூப்பிடட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ, ஆன்ட்டி," என்றார் அக்கா, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி. "மை ஃபாதர் இஸ் ஈட்டிங்."

ஆன்ட்டி தலையசைத்தார். தன் இரும்புக் கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினார்.