பிரிக்காத பொட்டலம்

புதுக்கோட்டையில் மளிகைக்கடை நடத்தும் செல்வலட்சுமி, இசக்கியம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்க்காமல் எந்த முடிவையும் எடுத்ததில்லை. கடைக்கு இடம் பிடித்ததும் அப்படித்தான், மகளுக்குக் காது குத்தியதும் அப்படித்தான். அன்று பூக்கட்டியது அந்த ஒரே மகள் ஜெயபிரியாவின் மேல்படிப்புக்காக.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் இடம் உறுதியாகிவிட்டது. பொருளாதாரம் படிக்க டெல்லிப் பல்கலைக்கழகமும் அழைத்திருந்தது. மாலை ஐந்துக்குள் போனில் சம்மதம் தராவிட்டால் டெல்லி இடம் பறிபோய்விடும்.

வெள்ளைப் பூ வந்தால் சென்னை. சிவப்பு வந்தால் டெல்லி.

"அம்மன் என்ன சொன்னாலும் சரிம்மா" என்பதைத் தவிர ஜெயபிரியா வாயே திறக்கவில்லை.

பூசாரி சொரிமுத்து இரண்டு பூக்களையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் குலுக்கி, ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி!

செல்வலட்சுமிக்கு உயிரே போனது போலிருந்தது. ஒரு காய்ச்சல் என்றால் ஓடிப்போய்ப் பார்க்க முடியாத டெல்லியா?

"அண்ணாச்சி, இன்னொரு தடவ போடுங்க. பொட்டலம் சரியா மடிக்கல."

"ஏளா, அம்மன்கிட்டயே பேரம் பேசுதியா? இது என்ன கத்தரிக்கா யாவாரமா?" என்றார் கணவர் ராஜதுரை.

"நீங்க சும்மா இருங்க!"

பூசாரி மீண்டும் குலுக்கி எடுத்தார். வெள்ளை நந்தியாவட்டை.

"பாத்தியளா!" என்று பூரித்து மகளைத் திரும்பிப் பார்த்தவள் திடுக்கிட்டாள். ஜெயபிரியா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தக் கண்களில் எதுவோ அணைந்து போயிருந்தது.

"ரெண்டுக்கும் ஒவ்வொண்ணு ஆயிட்டு. மூணாவதுதான் தீர்ப்பு" என்றார் சொரிமுத்து.

மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை எடுத்த பொட்டலத்தைப் பிரிக்கப்போன பூசாரியின் கையைச் செல்வலட்சுமி பாய்ந்து பிடித்தாள்.

"பிரிக்காதிய அண்ணாச்சி! இவ கண்ண மூடி என்னமோ வேண்டுதா. ஏளா, எந்தப் பூ கேட்ட? அம்மன் முன்னால பொய் சொல்லாத."

ஜெயபிரியா கண்ணைத் திறந்தாள்.

"சிவப்பும்மா. ஆனா நான் போயிட்டா ஒனக்கு யாரு இருக்கா?"

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று ராஜதுரை அதட்டினார். குரல்தான் உடைந்துபோனது.

செல்வலட்சுமி பொட்டலத்தை வாங்கினாள். பிரிக்காமலேயே அம்மனின் காலடியில் வைத்தாள்.

"கோவிச்சுக்காத தாயே. ஒனக்கு முந்தி இவ சொல்லிட்டா."

பிறகு மகளிடம் திரும்பி, "போன எடுளா, நேரமாவுது!" என்று கத்தினாள்.

ஜெயபிரியா போனில் டெல்லிக்கான சம்மதத்தை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"சம்மதம் ஏறிட்டும்மா!"

மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள் செல்வலட்சுமி. கண்ணீர் நிற்கவே இல்லை.

"அங்கன ரொம்பக் குளிருமாமேளா" என்றாள்.